மடித்தே வைத்த கூரை

— கையை எடு, டார்லீன்! அந்த சுவிட்சைத் தொட்டே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!

— இப்ப மட்டும் என்னவாம்? மழை வருது, ப்ரெஸ்காட். என் மூக்குல சொட்டு விழுந்தாச்சு. கூரையை மூடறதுக்குத்தானே சுவிட்ச் வச்சிருக்கான்?

— உன் மூக்கைத் துடைச்சுக்கலாம். இது அசல் கூரை. ஐம்பத்தாறுல காடிலாக் கார் கம்பெனியில தச்சுப் போட்ட அதே துணி. முதல் சொந்தக்காரர் செத்த அன்னிக்கு மடிச்சது, அதுக்கப்புறம் யாரும் விரிக்கலை. இப்ப விரிச்சா அப்பளமா நொறுங்கிடும்.

— யார் சொன்னா?

— வித்த அம்மாதான். மில்வாக்கியில, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க.

— விலை சொல்லும்போதும் அவங்க அழுதாங்களா, இல்ல அப்ப நீ அழுதியா?

— சிரி, நல்லா சிரி. இன்னிக்கு இந்தப் பழைய கார் கண்காட்சியில முதல் பரிசு நீல ரிப்பன் கிடைச்சா இது மூணாவது. மூணு வாங்கின கார் நேரா மியூசியத்துக்குப் போகும். பக்கத்துல பித்தளைத் தகடு. 'ப்ரெஸ்காட் டோலிவர், பாதுகாவலர்.' ஆயுசு முழுக்க மெத்தை வித்தவனுக்கு, செத்த பிறகு வேற எங்க பேர் நிக்கும்?

— மெத்தையிலயே நிக்குமே. ஒஹாயோல பாதி ஜனம் உன் பேர் மேலதான் படுத்திருக்கு.

— அதான் வேண்டாம்ங்கறேன்!

— சரி ராசா. அப்ப கார் நனையட்டும்.

— நனையறதா! சீட்டுத் தோலும் அசல்! குடையைப் பிடி. உனக்கில்லை, காருக்கு!

— ஒரு குடை, பதினெட்டடிக் கார். நான் எங்க நிக்கறது?

— பம்பர் ஓரமா. சாய்ஞ்சுடாதே. அந்த மழைக்கோட்டைக் கழட்டிக் கொடு, பின் சீட்டுல விரிக்கறேன்.

— எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் எதையாவது கழட்டச் சொல்றே. அதுவும் காருக்காக.

— உஷ்! நடுவர் தர்லோ வர்றார். பல்லைக் காட்டு.

— வணக்கம் மிஸ்டர் டோலிவர், வணக்கம் அம்மணி. ஆகா, ஆகா! என் அனுபவத்துல சொல்றேன், இந்தப் புல்வெளியிலயே கை படாத கார் இது ஒண்ணுதான். அந்தத் துருவைப் பாருங்க, எவ்வளவு நாணயமான துரு!

— நான் துணியால துடைக்கக்கூட விடறதில்லை, மிஸ்டர் தர்லோ.

— கூரை?

— மடிச்சது மடிச்சபடி. மேல போர்த்தின உறையோட பட்டனைக்கூடக் கழட்டினதில்லை.

— கழட்டுங்கன்னு நான் கேட்கவும் மாட்டேன். அசல் கூரையை விரிச்சுக் காட்டச் சொல்றது நம்ம கிளப்புல அநாகரிகம். போன வருஷமும் கேட்கலை, அதுக்கு முந்தின வருஷமும் கேட்கலை. அசல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

— அப்ப யாருமே பாத்ததில்லையா?

— நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு, அம்மணி.

— டார்லீன், உன் வாயைக் கொஞ்சம்... ஐயோ, காத்து! குடை பறந்துடுச்சு! சீட்டு! மிஸ்டர் தர்லோ, உங்க தொப்பியால அந்த சீட்டை மூடுங்க!

— என் தொப்பி சின்னது சார்!

— ப்ரெஸ்காட், கொட்டுது! கூரை நொறுங்கினா கூரை மட்டும்தான் போகும். மூடலேன்னா உள்ள இருக்கற அத்தனையும் போகும். எது வேணும் உனக்கு?

— ரெண்டும் வேணும்!

— ரெண்டும் கிடைக்காது. உறையைப் பிச்சாச்சு. அமுக்கறேன்.

— டார்லீன்! நான் பாக்க மாட்டேன், கண்ணை மூடிட்டேன்! கிழிஞ்சுடுச்சா? சொல்லித் தொலை, கிழிஞ்சுடுச்சா?

— அட, இல்லை. பூனை மாதிரி சத்தமில்லாம எழும்பி வந்து உக்காந்துடுச்சு. மோந்து பாரேன், கடையில வாங்கின புதுத் துணி வாசனை.

— புதுசா? அவ்வளவு பத்திரமா வச்சிருந்திருக்காங்க! பாத்தீங்களா, மிஸ்டர் தர்லோ? மிஸ்டர் தர்லோ? ஏன் பின்னாடி போய் அப்படி நிக்கறீங்க?

— பின் கண்ணாடி.

— அதுக்கென்ன?

— குறுக்கே கோடு கோடா ஓடுதே.

— தூசியா இருக்கும்.

— தூசி இல்லை, ப்ரெஸ்காட். பனி உருக்கற சூட்டுக் கம்பி. நான் மளிகைக்கு எடுத்துட்டுப் போற கார்லயும் இதேதான்.

— ஐம்பத்தாறுல... ஐம்பத்தாறுல அது கிடையாதே.

— கிடையாது சார்.

— அப்ப இந்தக் கூரை...

— என் அனுபவத்துல சொல்றேன், உங்க மூத்த பேரனை விட வயசு கம்மி.

— டார்லீன், நான் எங்கயாவது உக்காரணும்.

— உள்ள உக்காரு. கூரைதான் வந்துடுச்சே.

— அந்தம்மா அழுதாங்க, டார்லீன். கைக்குட்டை நனையற அளவுக்கு அழுதாங்க. நான் ஆறுதல் சொன்னேன்! சரி, எழுதுங்க, மிஸ்டர் தர்லோ. போலின்னு எழுதுங்க. பழைய ரிப்பனையும் திருப்பித் தந்துடறேன். தகடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மைக்கைக் கொடுங்க, நானே சொல்லிடறேன்.

— மைக்கா! ஐயையோ, மெதுவாப் பேசுங்க! போலின்னு எழுதினா, இத்தனை நாள் அசல்னு எழுதினது யார்னு கிளப்புல கேட்பாங்க. அப்புறம் பக்கத்துல நிக்கற பேக்கார்டு காரோட கூரையையும் விரின்னு சொல்வாங்க. அதுக்கும் கையெழுத்து என்னுது. இந்த வரிசை மொத்தத்துக்கும் என்னுது. கெஞ்சிக் கேட்கறேன், மடிச்சுடுங்க. ரிப்பன் உங்களுக்குத்தான்.

— இந்தக் கொட்டற மழையிலயா மடிக்கறது? சீட்டு?

— சீட்டு காயும் சார். என் பேர் காயாது.

— ப்ரெஸ்காட், தலையை நிமித்தி வரிசையைப் பாரேன். இவ்வளவு மழை, ஒருத்தர்கூட கூரையை மூடலை. எல்லாரும் நம்ம கண்ணாடியையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. பேக்கார்டுக்காரர் மடி, மடின்னு கையைக் காட்டறார். அவர் கை எப்படி நடுங்குது பாரு.

— அது குளிரு, அம்மணி.

— ஜூலை மாசத்துலயா, மிஸ்டர் தர்லோ?