ஒரே கூடு, இரண்டு வகை

அந்த ரேடியோவை மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள், ஐயா. பேக்லைட் என்கிற இந்தப் பழைய பிளாஸ்டிக் பார்க்கத்தான் முரடு. கீழே விழுந்தால் ஓடு மாதிரி நொறுங்கிவிடும்.

இந்த மாடல் வால்வு ரேடியோவில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். முதல் வகையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டு மின்சாரம் அதோடு நின்றுவிடும், உள்ளே இருக்கும் இரும்புத் தட்டில் கைபட்டாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது மலிவு வகை. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, மின்சாரம் நேராகத் தட்டுக்கே வரும். பேக்லைட் கூடும் குமிழ்களும்தான் காவல். பின்மூடியில் நீளத் துளை என்றால் முதல் வகை, வட்டத் துளை என்றால் இரண்டாவது. சந்தேகமா, தூக்கிப் பாருங்கள், கனம் சொல்லிவிடும். வகை பிரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். என்னைப் போலவே ரேடியோ சேர்க்கும் என் தங்கச்சி புருஷனும் அப்படித்தான் சொல்வார்.

என்னிடம் பச்சைக் கூடு ஒன்று இருக்கிறது. இந்த மாடலில் பச்சை அபூர்வம். அதைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஒருநாள் தங்கச்சி மாப்பிள்ளை அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விளிம்பில் பச்சை உரிந்து கறுப்பு தெரிந்தது.

"உங்களையே எவனோ ஏமாத்திட்டான் மச்சான். விடுங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

யாரும் ஏமாற்றவில்லை, பூசியது நான்தான். அவர் சொன்ன சொல் தவறவில்லை. யாராவது பச்சையைப் புகழ்ந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அந்தப் பரிதாபம்தான் எனக்குச் செரிக்கவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே குமிழைக் கழற்றிவிட்டு, தட்டோடு சேர்ந்த வெறும் இரும்புத் தண்டை விரலால் திருகி ஸ்டேஷன் பிடிப்பார். மறுகை இரும்பு மேஜையில் இருக்கும். முதல் வகையில் அது வெறும் விளையாட்டு. நான் இரண்டாம் வகை ஒன்றை எடுத்து, முதல் வகையின் பின்மூடியை மாட்டினேன். கனம் காட்டிக்கொடுக்குமே என்று உள்ளே ஒரு செத்த டிரான்ஸ்ஃபார்மரை இறுக்கினேன். அதில் ஒரு கம்பிகூடச் சேர்க்கவில்லை. கொடுத்தபோது அவர் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"முதல் வகைதானே மச்சான்?"

"நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை," என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

தண்டைத் தொட்டு அவர் விறைத்து நின்றதைப் பார்த்துத் தங்கச்சி ஓடிப்போய்ப் பிடித்து இழுத்திருக்கிறாள். இருவரையும் ஒன்றாகத்தான் எடுத்தார்கள். நான் தூக்கி வளர்த்தவள். இனி எனக்கென்று யாருமில்லை. ஆனாலும் ரேடியோக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள், சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட வேண்டாமா?

உங்கள் போலீஸ் நிபுணர் இதை முதல் வகை என்றும், தொழிற்சாலையிலேயே கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அது காதில் விழுந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்படியொரு ரேடியோ அங்கிருந்து வந்ததே கிடையாது. அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். இரண்டாம் வகை, மூடி மாற்றியது, அவரைக் கொல்வதற்காக மாற்றியவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கச்சி விஷயத்தை மட்டும் விபத்து என்றே விட்டுவிடுங்கள். அதில் எனக்குச் சம்பந்தமில்லை.