எட்டு ஓம் றிசீவரும் நாலு ஓம் பெட்டிகளும்

பழைய றிசீவர் வாங்குகிறவர்கள் அதன் முகத்தைப் பார்த்து மயங்குவார்கள். வெள்ளிக் குமிழ்கள், பச்சை வெளிச்சம். நான் முதலில் முதுகைத்தான் பார்ப்பேன். எத்தனை ஓம் ஸ்பீக்கர் பூட்டலாம் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பத்திநாதர் அவர்களே, 2003 நவம்பர் பதினெட்டாம் திகதி கோயில் ஒலிபெருக்கி ஏன் பேசவில்லை என்று அரைப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். ரேடியோ திருத்தும் முருகேசுவிடம் அரைப் பக்கம் கேட்டது உங்கள் பிழை.

கோயில் ஒலிபெருக்கிக்குச் சத்தம் கொடுக்கிற றிசீவர் 1974இல் யப்பானில் செய்தது. முதுகில் எட்டு ஓம் என்று போட்டிருக்கிறது. ஜேர்மனியிலிருந்து ஊரவர் ஒருவர் அனுப்பிய ஸ்பீக்கர்ப் பெட்டிகளோ நாலு ஓம், பக்கத்துக்கு இரண்டு. ஓம் என்கிற மின்தடை அளவை வாசல் என்று வையுங்கள். எட்டு ஓம் ஒடுங்கிய வாசல், நாலு ஓம் அகன்றது. வாசல் அகல அகல மின்சாரம் கூடுதலாகப் பாயும். அதைத் தள்ளிக் கொடுக்கிற றிசீவர் சூடேறும். இரண்டு நாலு ஓம் பெட்டிகளை ஒன்றின் பின் ஒன்றாகத் தொடராகக் கட்டினால் எட்டு ஓம். பக்கம் பக்கமாகச் சமாந்தரமாகக் கட்டினால் இரண்டு ஓம். அது வாசல் இல்லை, சுவரே விழுந்த மாதிரி.

இதைப் பங்குச் சுவாமிக்குப் படம் கீறி விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக. அதற்குள் வள்ளத்து எஞ்சின் திருத்தும் ஜெகதீஸ் வந்து அரை மணித்தியாலத்தில் கட்டிவிட்டான்.

“தொடராக் கட்டோணும் எண்டு எப்பிடித் தெரியும் தம்பி?” என்று கேட்டேன்.

“தெரியாதண்ணை. வயர் கட்டையாப் போச்சுது, ஒண்டிலையிருந்து மற்றதுக்கு இழுத்து முடிச்சுவிட்டன்.”

பக்கத்தில் நின்ற நீங்கள் சிரித்தீர்கள். “முருகேசண்ணை சொல்லி முடிக்கிறதுக்குள்ள பெருநாளே முடிஞ்சிருக்கும்.”

நானும் சிரித்தேன்.

நம் ஊர் வழக்கம் ஒன்றையும் பதிய வேண்டும். கடல் கெட்டால் பின்னேரம் நாலு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி, “இண்டைக்குக் கடல் இல்லை” என்று சொல்லும். ஒன்றும் சொல்லாவிட்டால் தொழிலுக்குப் போகலாம். அதாவது, பழுதான பெட்டியும் நல்ல காலநிலையும் நமக்கு ஒரே மாதிரித்தான் கேட்கும். இதைப் பற்றி நான் பலமுறை சொன்னேன். நான் சொன்னதால்தான் ஒருவரும் கேட்கவில்லை போலும்.

கல்லறைத் திருநாளுக்குக் கோயில் கழுவிய அன்று, பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில், என் சொந்த வயரைப் போட்டுப் பெட்டிகளைச் சமாந்தரமாக மாற்றினேன். செபத்துக்கு வைக்கிற தாழ்ந்த சத்தத்தைத் தாங்கும். முழுச் சத்தம் வைத்தால் பியூஸ் போகும். எல்லார் முன்னாலும் ஜெகதீஸின் வேலை வாயடைத்து நிற்கும், நான் எழுந்து விளக்குவேன் என்பதுதான் என் கணக்கு. நடந்தது வேறு. சமாந்தரத்தில் சத்தம் கூடும் அல்லவா? “முந்தியிலும் நல்லாக் கேக்குது, ஜெகதீஸ் கை வைச்சால் வைச்சதுதான்,” என்று அல்போன்சம்மா என்னிடமே வந்து சொன்னார். இரண்டு கிழமை அந்தப் புகழை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் நத்தார்ப் பாட்டுக்குத்தான் பியூஸ் போகும் என்று நினைத்திருந்ததாக இந்த இடத்தில் எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். பதினெட்டாம் திகதி காலை வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்டதும் மாற்று பியூஸ் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்று மணிக்கே தேய்த்து மினுக்கிய சட்டையோடு கோயில் முற்றத்தில் இருந்தேன்.

நாலு மணிக்கு நீங்கள் குமிழை முழுதாகத் திருப்பினீர்கள். “இண்டைக்கு” என்பது வரை வந்தது.

என்னைக் கூப்பிட்டீர்கள். நான் நிலத்தில் சோக்கால் இரண்டு வாசல் கீறினேன்.

“அண்ணை, விளக்கம் பிறகு. முதல் பூட்டுங்கோவன்.”

“காரணம் விளங்காமல் பூட்டினால் திரும்பவும் போகும்,” என்றேன். அது உண்மை. கரைக்கு ஆள் அனுப்பப் பார்த்தீர்கள். இந்தா முடியுது, இந்தா பெட்டி பேசப்போகுது என்று நான்தான் மறித்தேன். திருத்த நாலு நிமிடம் போதும். விளக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தேன். சமாந்தரத்துக்கு வந்தபோது ஜெகதீஸ் எழுந்தான்.

“வள்ளம் இறங்கியிருக்கும். நீங்கள் படிப்பியுங்கோ,” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளம் அதற்குள் தூரம் போய்விட்டது. ஜெகதீஸ் தன் வள்ளத்தில் துரத்திப் போய்க் கைகாட்டித் திருப்பினான். பஸ்ரியாம்பிள்ளையும் கூடப் போன மூவரும் கரை வந்தார்கள். ஜெகதீஸின் வள்ளம் மூன்றாம் நாள் சாட்டிக் கடற்கரையில் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

பிழையாகக் கட்டியவன் தன் பிழைக்கே போனான் என்று ஊர் பேசுகிறது. அவன் மனைவி யூலியானா கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன கிழமை என்னிடம் வந்தாள்.

“அவர் பிழையாத்தான் கட்டினவரோ, அண்ணை? ஓமோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“அது கொஞ்சம் விளங்கப்படுத்தோணும், பிள்ளை,” என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஆகையால் சங்கத்தின் பதிவுக்கு எழுதுகிறேன். ஜெகதீஸ் கட்டியது சரி. மாற்றிக் கட்டியது நான்; என்ன நடக்கும் என்று தெரிந்தே கட்டினேன். ஆனால் தான் கட்டியது ஏன் சரி என்பது அவனுக்குத் தெரியாது. இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருந்தால், அதையும் தெரிந்துகொண்டு போயிருப்பான்.