ஐம்பத்தெட்டாம் நாளில் விடைபெறும் லொரேன் திபோடோ அவர்களுக்கு

கட்டண விண்ணப்பங்களைக் கண்ணிமைக்காமல் படித்த கணக்கியல் கோமகளே! காப்பீட்டு நிறுவனங்களின் கனத்த கோப்புகளுக்குள் ஒளிந்திருந்த ஒற்றைத் தசமப் புள்ளியையும் ஓட ஓட விரட்டிய உண்மையின் காவலரே! எங்கள் லொரேன் திபோடோ அவர்களே!

வாழ்த்த எழுந்து நிற்கிறோம், மாடியில் ஒரு கோப்பு இன்னும் திறந்தே கிடக்கிறது.

முப்பத்தோர் ஆண்டுகளாக இம்மாநிலத்தில் மருத்துவக் காப்பீடு விற்க வந்த எவரும், அடுத்த ஆண்டுக் கட்டணத்தை உங்கள் மேசையில் வைத்து, உங்கள் கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகே விற்றார்கள். அறுபது நாளுக்குள் அரசின் ஆய்வாளர்களான நாம் பதில் எழுதாவிட்டால் அவர்கள் கேட்ட கட்டணமே செல்லும். அந்தக் கெடுவை நீங்கள் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

ஒரு ஜூலையில், வடக்கு மாவட்டத்துச் சிங்கி இறால் படகிலிருந்து ரப்பர் பூட்ஸோடு நேரே பொது விசாரணைக்கு வந்தார் டார்லீன் ஹேஸ்கெல். "இங்க பாருங்க மேடம், உங்க பட்டியலெல்லாம் எனக்குப் புரியல. இன்னும் நூறு டாலர் ஏத்தினா இன்சூரன்ஸை விட்டுட்டு, கீழ விழாம பாத்துக்குவேன். அவ்ளோதான்" என்றார். கூடமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அன்று மாலையே, மருந்துச் செலவை நிறுவனம் இருமுறை கூட்டியிருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். அவர்கள் கேட்ட பதினெட்டு விழுக்காடு உயர்வு ஒன்பதாக இறங்கியது.

இந்த ஆண்டு கேட்டிருப்பது இருபத்தாறு. கேட்பது, வடக்கு மாவட்டங்களில் எஞ்சியிருக்கும் ஒரே நிறுவனம். குறைத்தால் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவோம் என்கிறது. அந்தக் கோப்பை நீங்கள் திறக்கவே இல்லை. ஓய்வுக் கடிதம் கொடுத்த அன்றே சொல்லிவிட்டீர்கள்: "முதியோருக்கான அரசுக் காப்பீடு வர எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. நான் போய்க் குடியிருக்கப் போறது வடக்குல. அதுவரைக்கும் இவங்க பாலிசியத்தான் வாங்கணும். என் காசு இதுல இருக்கு. இனிமே இதப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க."

பன்னிரண்டு ஆண்டு உங்கள் பக்கத்து மேசைக்காரரான வெண்டல் பிராட்டின் தலையில் கோப்பு விழுந்தது. அவர் விடுவாரா? காபி இயந்திரத்தருகே உங்களை மறித்தார்.

"லொரேன், ஒரே ஒரு டவுட்டு. சும்மா பொதுவாத்தான் கேக்குறேன்..."

"பொதுவாவா? பொதுவா உன் காபி ஆறிட்டு இருக்கு, வெண்டல். குடி."

சிரித்தோம். வெண்டல் அன்று மதியம் சாப்பிடவில்லை.

இன்று ஐம்பத்தெட்டாம் நாள், புதன்கிழமை. அளவுக்கு மீறிக் குறைத்தால் டார்லீனுக்கும் உங்களுக்கும் வாங்கக் காப்பீடே இராது. கேட்டதைக் கொடுத்தால், வயது கூடியவர்களிடம் கூடுதலாக வாங்கும் முறையில், உங்கள் ஓய்வூதியத்தில் பாதி அதற்கே போகும். எத்தனையோ பேருக்கு இதே கணக்கைப் போட்டிருக்கிறோம். முகம் தெரிந்த ஒருவருக்குப் போடுவது இதுதான் முதல்முறை. பாராட்டு மடலில் பயத்தை எழுதலாமா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. மறைத்தால் பொய்யாகும், பொய்யை நானூறாம் பக்கத்தில் புதைத்தாலும் தோண்டி எடுப்பவராயிற்றே நீங்கள்!

நேர்மையின் நெடுஞ்சுடரே! நோய்நொடி அண்டாமல், ஏரிக்கரைப் பனியில் கால் சறுக்காமல் நெடுங்காலம் வாழ்க! வரும் மூன்றாண்டுகள் இன்னும் கவனமாக வாழ்க!

புளூபெர்ரி பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தை வெட்டியதும், விழுக்காட்டை முடிவு செய்ய நாங்கள் மாடிக்குப் போகிறோம். தயவுசெய்து பின்னால் வராதீர்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் போய்விடும். அதை மட்டும் நம்புங்கள். எத்தனை விழுக்காடு என்று உங்களிடம் சொல்ல மாட்டோம். ஊரார் எல்லாரையும் போல, அன்று மாலைச் செய்தியில் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுக்கத்தோடும் நன்றியோடும்,
கட்டண ஆய்வுப் பிரிவினர்