குச்சிக்கு அந்தாண்ட

கோடையில் ஏரி வற்ற வற்ற மீனுக்கு ருசி கூடும். ஐப்பசியில் பிடிக்கும் விராலும் சித்திரையில் பிடிக்கும் விராலும் ஒன்றல்ல என்பது வடக்குப்பட்டில் பிறந்த எவருக்கும் நாக்கில் வைத்த உடனே தெரிந்துவிடும். நான் மிளகாய் அதிகம் போட மாட்டேன். பூண்டு, கொஞ்சம் வெந்தயம், மாங்காய் இருந்தால் நாலு கீற்று. ஜோயல் ஊரில் தேங்காய் அரைத்து ஊற்றுவார்களாம். வந்த புதிதில் ஒருமுறை அதைச் சொன்னான். பிறகு சொல்லவில்லை.

நீங்கள் நடந்ததை மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள், மேடம். நடந்ததைத்தான் சொல்கிறேன். மீனிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

என் பெயர் செந்தாமரை. எங்கள் நிலம் கம்பெனிக்குப் போனபோது வந்த பணத்தில் என் வீட்டுக்காரர் மாடியில் வரிசையாக அறைகள் கட்டினார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் நரசிம்மன் ஹைதராபாத்தில் இருக்கிறான். பொங்கலுக்கு போன் செய்வான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. மாடி அறைகளில் எப்போதும் தெற்கத்திப் பையன்கள் இருப்பார்கள். ஒருவன் ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கும்போது இன்னொருவன் எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவான். மோட்டார் போடச் சொல்லும்போது தவிர யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

இந்த வருஷம் பங்குனி கடைசியில் ஒரகடத்தில் அவர்கள் வேலை செய்த கம்பெனியில் ஒரு லைனை நிறுத்தினார்கள். கான்ட்ராக்ட் பையன்களை எல்லாம் ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். ஜோயல் மட்டும் போகவில்லை. திரும்பக் கூப்பிடுவோம் என்று கான்ட்ராக்டர் ஆபீஸ் ராஜாமணி சொன்னதை அவன் நம்பினான். திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரை ஊர் அவனுக்கு. அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். மகனாவது தண்ணீரில் கால் வைக்காமல் பிழைக்கட்டும் என்று படிக்கவைத்து அனுப்பியவர். அவரிடம் போய் வேலை போய்விட்டது என்று எப்படிச் சொல்வது என்று தவித்தான். தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கம்பெனி வாசலாகப் போய் நிற்பான். மத்தியானம் முகமெல்லாம் கருத்துத் திரும்பிவருவான்.

முதல் பொய்யை அவன்தான் சொல்லச் சொன்னான். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"அக்கா, எங்கம்மா உங்க நம்பருக்குக் கூப்புட்டா நா ஷிஃப்ட்ல நிக்கேன்னு சொல்லிருங்க" என்றான்.

சொன்னேன். அந்த அம்மாள் என்னை வாழ்த்தினாள்.

சும்மா இருக்க முடியாமல்தான் அவன் ஏரிக்குப் போக ஆரம்பித்தான். அவன் ஊரில் கூடு கட்டிக் கடலில் இறக்கிச் சிங்கி இறால் பிடிப்பார்களாம். அதே மாதிரி இங்கேயும் காயலான் கடையில் கம்பி வலை வாங்கிக் கூடுகள் செய்தான். அமிழ்வதற்கு ஒவ்வொன்றிலும் இரும்புத் துண்டு கட்டினான். ஏரியில் சிங்கி இறால் ஏது. நண்டும் ஏரி இறாலும் விழுந்தன. விராலுக்குத் தவளையைக் கோத்துத் தூண்டில் போட்டான். மதகைப் பார்த்துக்கொள்ளும் நாகப்பனுக்கு ஒரு பங்கு கொடுத்தால் அவர் எதுவும் கேட்க மாட்டார்.

நான் சமைத்தேன். மிச்சத்தை வறுத்து, சாயங்காலம் பஸ் இறங்கும் பையன்களுக்கு விற்றோம். அவன் மீன் கழுவுவான், நான் மசாலா தடவுவேன். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அன்றைக்கு எது எங்கே சிக்கியது என்று சொல்லுவான். என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் இன்னொருவர் மெல்லும் சத்தத்தை நான் கேட்டதில்லை. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

ஒருநாள் அவன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. நான்தான் ஸ்ரீபெரும்புதூருக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் அதை உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டார். அது இனி தேறாது என்று ஜோயலிடம் சொன்னேன். பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டு அரிசி டிரம்மில் கைவிட்டுப் பாருங்கள். அந்தப் போனில் நாளெல்லாம் வேலைக்கு விண்ணப்பம் போட்டு, பதில் வராமல், அவன் நொந்துபோவதை என்னால் பார்க்க முடியவில்லை. அது போன பிறகு அவன் கொஞ்சம் நன்றாகத் தூங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனில் அம்மாவிடம் பேசுவான், வேலை நன்றாகப் போகிறது என்பான்.

வைகாசி பிறந்ததும் ராஜாமணி பைக்கில் வந்தார். லைன் மறுபடி ஓடுகிறது, பழைய பையன்களைக் கூப்பிடுகிறார்கள், ஜோயல் போன் எடுக்கவில்லை, எங்கே என்று கேட்டார். ஜோயல் அப்போது ஏரியில் இருந்தான். வாசலில் நின்றால் கரை தெரியும்.

"அவன் ஊருக்குப் போய் ரொம்ப நாளாச்சேப்பா. வரமாட்டானாம்" என்றேன்.

ராஜாமணி வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். அந்த வேலையில் ஜோயலின் விரலில் ஏற்கெனவே ஒரு தையல் போட்டிருந்தது. எந்த நாளும் மறுபடி நிறுத்துவார்கள், மறுபடி அவன் வாசல் வாசலாக அலைவான். நான் யோசித்துத்தான் சொன்னேன்.

ஆனால் அவனுக்கு வேலை கிடைக்காத ஏக்கம் குறையவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கை நின்றுவிடும். "எல்லாரையும் எடுத்துட்டாவளாம்க்கா. என்னைய மட்டும் ஏன் கூப்புடல" என்று ஒருநாள் கேட்டான். கண் நிறைந்திருந்தது. எனக்கும் தாங்கவில்லை. ராஜாமணியிடம் நானே கேட்டுவிட்டேன், ஆள் போதுமாம் என்று சொல்லி இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். பெரிய டாக்டரிடம் காட்டுகிறோம், அவர் மகனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே புறப்பட்டு வரச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு அவன் என் கை நீளத்துக்கு ஒரு விராலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கோடையில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று விட்டேன். சாப்பிட்டதும் தூங்கிவிட்டான். ஊருக்குப் போனால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்துவிடுவான் என்பதும் எனக்குத் தோன்றியது. அதை நான் மறைக்கவில்லை.

இரண்டு நாளில் அவர் இறந்துவிட்டார். மண் போட மகன் வர வேண்டும், கல்லறைக்குக் கொண்டுபோகாமல் வைத்திருக்கிறோம் என்று அந்த அம்மாள் அழுதாள். கம்பெனியில் ட்ரெயினிங் என்று வடக்கே அனுப்பிவிட்டார்கள், விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டிருக்கிறான், விட மாட்டேன் என்கிறார்கள் என்றேன். பிணத்தை எத்தனை நேரம் வைத்திருப்பார்கள். எடுத்து அடக்கம் செய்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனைக் கேட்டான். அம்மாவே கூப்பிட்டாள், எல்லோரும் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார்கள், அடுத்த வாரம் பேசலாம் என்றேன்.

"அப்பாவும் போயிருக்காவளா?" என்று கேட்டான்.

"ஆமா, அவரும்தான்" என்றேன்.

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். கடலுக்குப் போகாமல் ஒருநாள் இருக்கத் தெரியாத மனிதராம் அவர். இப்போதாவது ஓய்வெடுக்கிறாரே என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் உண்மையைச் சொல்ல மனசு வராது. உங்களுக்கும் வராது.

அந்த வாரம் சனிக்கிழமை சக்திகுமார் கூப்பிட்டான். ஜோயலின் பெரியம்மா மகன், மறைமலை நகரில் வேலை. சாவுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறான். சித்தி பணமும் அப்பாவின் ஜெபமாலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், நாளைக்கு மத்தியானம் வருகிறேன், ஜோயல் வந்துவிட்டானா என்று கேட்டான். வாப்பா என்றேன். வேறு என்ன சொல்வது.

போனை வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்பா கேட்டுக்கொண்டே கிடந்தது, மண் போடாமல் போனது, அதைத் தொட்டு வேலைக்குக் கூப்பிட்டதும், எல்லாம். என்னை அவன் எப்படிப் பார்ப்பான் என்பதை நினைத்தேன். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட, அந்தப் பையன் அதை எப்படித் தாங்குவான் என்றுதான் அதிகம் நினைத்தேன். மேலே வேப்பமரத்தில் காக்கைகள் அடைகிற நேரம். நான் எழுந்து ஏரிக்குப் போனேன்.

கம்பெனி மனைகளை மேடாக்க அந்த ஏரியில் லாரி லாரியாக மண் அள்ளியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் பெரிய பள்ளம். சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர்தான், அங்கே மட்டும் கிணறு மாதிரி இறங்கும், அடியில் களிச்சேறு. ஓர் எருமை உள்ளே போன பிறகு நாகப்பன் அதன் விளிம்பில் ஒரு மூங்கில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவைத்தார். குச்சிக்கு அந்தாண்ட போவாத என்று ஜோயலிடமும் சொல்லியிருந்தார். தண்ணீர் வற்றும்போது விராலெல்லாம் ஆழத்துக்குத்தான் போகும். அதனால் ஜோயலுக்கு அந்த இடத்தின் மேல் எப்போதும் ஒரு கண்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சின்ன வயசில் அல்லி பறித்த ஏரி, எனக்குப் பயமில்லை. குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றிப் போய், அதற்கு அந்தப் பக்கத்தில் நட்டேன். கரைக்கு வந்து பாதத்தைக் கழுவிக்கொண்டு, இட்லிக்கு அரைத்த மாவைக் கரைத்துவைத்தேன்.

காலையில் அவனிடம் சொன்னேன். "நாகப்பன் குச்சியத் தள்ளி நட்டுக்கீறாரு. ஆழம் கொறஞ்சுபோச்சாம். அதுவரைக்கும் போலாமாம்."

அவன் குழந்தை மாதிரி கிளம்பினான். கூடுகளை ஒரே நைலான் கயிற்றில் வரிசையாகக் கட்டி, நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்துப்போவது அவன் வழக்கம். தூண்டிலுக்குக் கை வேண்டுமே. அன்றைக்கு முடிச்சை நான் போட்டேன். பின்பக்கமாகப் போட்டேன்.

"மாடு கட்டுத மாதிரி கட்டுதீயக்கா" என்று சிரித்தான்.

"அவுராம இருக்கட்டும்" என்றேன்.

கரையில் டிபன் தூக்கோடு உட்கார்ந்திருந்தேன். முட்டியளவு போனான். இடுப்பளவு போனான். துணி கட்டிய குச்சியை நோக்கித்தான் நடந்தான். பிறகு அவன் அங்கே இல்லை. கூடுகள் ஒவ்வொன்றாக அவன் பின்னால் இழுபட்டு உள்ளே போயின. ஒருமுறை ஒரு கை மேலே வந்தது. பெரிய விரால் மாட்டிவிட்டது, என்னைக் கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன். நானும் கையை ஆட்டினேன்.

பறந்துபோன கொக்குகள் திரும்ப வந்து உட்காரும்வரை நானும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நாகப்பன் வீட்டுக்கு நடந்துபோய், பையன் தண்ணீரில் போனான், காணோம் என்றேன். தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்தார்கள். முடிச்சு அவிழவில்லை, கயிற்றை அறுக்க வேண்டியிருந்தது. சக்திகுமார் மத்தியானம் வந்தபோது அவனைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். நானே என் புடவையால் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

பழக்கமில்லாத ஏரி, பாவம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். குச்சியை நான் நகர்த்தவில்லையே என்று நாகப்பன் முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை. நானும் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

மறுநாள் அவன் அம்மா வந்தாள். பேச்சி என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். என் வீட்டில்தான் தங்கவைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், குடிக்கவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வொ அப்பா சாவுக்கு வர முடியாம போச்சேன்னு வெதும்பித்தான் எம் பிள்ள தண்ணியில எறங்கிட்டானா? உள்ளதச் சொல்லுங்கம்மா. அவனாத்தான் போனானா?"

தற்கொலை என்றால் அவர்கள் மதத்தில் பெரிய பாவமாம். சாகும்வரை அதை நினைத்தே அந்தப் பெண் உருகிப்போவாள் என்று தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லம்மா. அவனுக்கு அப்பா போனதே தெரியாது. நான் சொல்லவே இல்ல. சந்தோஷமா, மீன் புடிக்கத்தான் போனான்" என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. சக்திகுமார்தான் எழுந்து நின்றான். "அப்ப எங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டான். அதற்குப் பிறகு ராஜாமணியைத் தேடிப் போனான், நாகப்பனைக் கூட்டிவந்தான், ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆமாம். குச்சியை நான்தான் நகர்த்தினேன். முடிச்சையும் நான்தான் போட்டேன். அவன் சாவான் என்று தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடம் ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். வேலை போன வருத்தத்தைத் தவிர இந்தக் கோடை முழுக்க அவனுக்கு ஒரு துக்கத்தையும் நான் தெரியவிடவில்லை. பெற்றவளால்கூட அவனை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.