கேக் நல்லாருக்கு அண்ணே

அது ஒண்ணுமில்ல சார், நீங்க உக்காருங்க. துடிக்கறது உங்களுது இல்ல, என்னுது. ஓட்டல் வாசல்ல கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குதே, அது குடுத்த டப்பாதான். மேஜை காலியானா இது செவப்பா கண்ணடிச்சுத் துடிக்கும் அங்கிள், உடனே வந்துடுங்கன்னு சொல்லுச்சு. துடிச்சா துடிக்கட்டும். தொடைக்கு அடியில வச்சுக்கிட்டா சத்தம் வெளிய வராது. இப்பக் கேக்குதா? கேக்குதா? சரி, இந்தத் துணிப்பையையும் மேல வைக்கிறேன்.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்களேன். உங்களுக்கு நல்ல அகலமான தோளு. அந்த மீன் தொட்டிகிட்ட நீலச் சட்டை போட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க, அவன் கண்ணுல நான் படக்கூடாது. போலீஸா? நல்லாக் கேட்டீங்க போங்க. என் தம்பி சார் அவன். கூடப் பொறந்தவன். பக்கத்துல கைப்பையை மடியில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருக்கறது அவன் பொண்டாட்டி. என்னைத்தான் தேடுது. நான் அவங்களுக்கு முன்னாடியே வந்து பேரைக் குடுத்துட்டேன். அவங்க தலை தெரிஞ்சதும் இந்தச் செடிக்குப் பின்னால வந்துட்டேன். பிளாஸ்டிக் செடி. கிள்ளிப் பாத்தேன்.

ஆமா, சேந்து சாப்பிடத்தான் வந்திருக்கோம். ஆனா பேசி பதினோரு வருஷம் ஆச்சு. திடீர்னு எழுந்து போயி எதிர்ல உக்காந்து சூப்பு குடிக்கச் சொன்னா எப்படிங்க?

சொத்துத் தகராறெல்லாம் இல்ல சார். அப்படி இருந்தா நாலு பேர்கிட்ட கௌரவமா சொல்லிக்கலாமே. இது கேக்குத் தகராறு.

சிரிக்காதீங்க. கேளுங்க.

நானும் அவனும் மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருந்தோம். எரிஞ்சு போன மோட்டாருக்குப் புதுசா செப்புக் கம்பி சுத்திக் குடுப்போம். ஒரே கடை, ஒரே பேர்ப்பலகை, நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் பையனுக்கு வேலை கெடச்சுதுன்னு ஒரு நாள் எல்லாரையும் இதே மாதிரி ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனான். அதுவும் இதே கம்பெனி ஓட்டல்தான் சார். அது ஊருக்கு அந்தக் கோடி, இது இந்தக் கோடி. ஆனா பாருங்க, அங்கயும் இதே செங்கல் சுவரு, இதே பழைய சைக்கிள் ஆணில தொங்குது. நல்லா ஓடற சைக்கிளைத் தொங்கவிட்டு வச்சிருக்கானுங்க. அங்கயும் இதே அரையிருட்டு. தட்டுல இருக்கறது கோழியா கத்திரிக்காயான்னு கடிச்சாத்தான் தெரியும். கதவு மாதிரி ஒரு மெனுவைக் கையில குடுப்பான். ஆர்டர் எடுக்க வர்ற பையன் நம்ம பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து, தன் பேரைச் சொல்லி, இன்னிக்கு நான்தான் உங்களைப் பாத்துக்கப் போறேன்ம்பான். பெத்த மகன் ஒரு நாள் அப்படிச் சொன்னது கெடையாது. அப்புறம் வாயில ஒரு வாய் வச்சதும் ஓடி வந்து, எல்லாம் நல்லாருக்கான்னு கேப்பான். வாய் நெறைய இருக்கறப்பத்தான் கேப்பான். அதுக்குன்னே ட்ரெயினிங் குடுக்கறாங்க போல.

சரி, அதை விடுங்க. சாப்பிட்டு முடிக்கிற நேரம். திடீர்னு லைட்டை இன்னும் கொறச்சாங்க. சமையக்கட்டுக் கதவு தொறந்துச்சு. ஒரு கூட்டமே வருது சார், கையத் தட்டிக்கிட்டு, ஓன்னு பாடிக்கிட்டு, மெழுகுவத்தி குத்துன கேக்கோட. ஆஹா, யாருக்கோ பொறந்த நாளு, நல்லா இருக்கட்டும்னு நானும் தட்டுறேன். நேரா வந்து என் தலையில காகிதக் கிரீடத்தை மாட்டிட்டாங்க!

எனக்குப் பொறந்த நாளே இல்ல சார் அன்னிக்கு. இந்தத் தடியன்தான், பொறந்த நாளுன்னு சொன்னா கேக்கு சும்மா குடுப்பாங்கன்னு, எனக்குத் தெரியாம அவங்க காதுல ஓதிட்டான். அவன் பேரைச் சொல்லியிருக்கலாம்ல? மாட்டான். கிரீடம் போட அவனுக்கு வெக்கமாம்.

இருங்க, அதோட முடியல. அடுத்த மேஜையில ஒருத்தர் எழுந்து நின்னு எல்லாரையும் விட பலமா தட்டுறாரு. யாருன்னு பாத்தா மாவு மில்லுக்காரர். எங்க கடையோட பெரிய கஸ்டமர். அவரு மில்லு மோட்டாரு என்கிட்டதான் கெடந்துது. அன்னிக்குக் காலையிலதான் போன்ல, சார், எனக்குக் காய்ச்சல், எழுந்து நிக்கக்கூட முடியல, மோட்டாரை அடுத்த வாரம் தர்றேன்னு இருமிக் காட்டிச் சொல்லியிருந்தேன். அவரு எங்கிட்ட வந்தாரு. கையப் புடிச்சு குலுக்கினாரு. ஒடம்பைப் பாத்துக்குங்க, ராஜான்னாரு. ராஜா! மறுநாள் ஆளை அனுப்பி மோட்டாரைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

நான் பொய் சொன்னது இருக்கட்டும் சார், ஊர்ல எந்த ரிப்பேர்காரன் சொல்லல? பேச்சை மாத்தாதீங்க.

கொதிச்சுப் போயி அங்கயே கத்தினேன். இனிமே உன் மூஞ்சியில முழிச்சா என்னை என்னன்னு கேளுடான்னேன். அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? வாய் நெறைய க்ரீமோட நிமிந்து பாத்து, கேக் நல்லாருக்கு அண்ணே, தின்னுட்டுக் கோவப்படுன்னான்.

அதைத்தான் சார் என்னால மறக்க முடியல. கிரீடத்தைக்கூட மறந்திருப்பேன்.

அன்னையிலேர்ந்து பேச்சு இல்ல. கடைக்கு நடுவுல பலகை அடிச்சேன். அவனும் அந்தப் பக்கத்துலேர்ந்து பலகைக்கு ஆணி அடிச்சுக் குடுத்தான், ரோஷக்காரன். அந்தப் பக்கம் இருக்கற இடுக்கி எனக்கு வேணும்னா, வர்ற கஸ்டமர்கிட்ட, சார், பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு இருப்பாரு, இடுக்கி இருக்கான்னு கேளுங்கம்பேன். அவன் மக கல்யாணத்துக்குப் போனேன். போகாம இருப்பேனா, என் கையில வளந்த புள்ள. ஆனா போட்டோவுல தேடிப் பாத்தீங்கன்னா என் முதுகுதான் இருக்கும். எல்லா போட்டோலயும் முதுகு. சும்மா இல்ல சார், கேமராக்காரன் எங்க திரும்புறான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்.

பைக்குள்ளயா? அதான், அந்தக் கிரீடம். எறிவேனா? பீரோவுல துணிக்கு அடியில பத்திரமா வச்சிருந்தேன். என்னிக்காவது அவன் வந்து, அண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன்னு கேப்பான்ல, அப்ப மூஞ்சியில விட்டெறியலாம்னு. ஒரு மூலையைக் கரப்பான் கடிச்சிருக்கு. மத்தபடி புதுசு.

ஐயய்யோ, இங்க பாக்கறான். குனியுங்க சார். பாத்துட்டான்! கையாட்டறான் பாருங்க. கொஞ்சமாவது கூச்சம் இருக்கா? பல்லு முழுக்கத் தெரியச் சிரிக்கறான். ஏதோ நேத்து சாயங்காலம் ஒண்ணாக் கடையைப் பூட்டிட்டு வந்த மாதிரி.

நடிப்பா? நடிச்சாத்தான் பரவாயில்லயே சார்.

மறந்துட்டானாம். அவன் பொண்டாட்டிதான் போன்ல சொல்லுச்சு. ஒரு வருஷமாவே அப்படித்தானாம், கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுக்கிட்டு வருதாம். டாக்டர் சரியாகாதுன்னுட்டாராம். என்னைத் தெரியுமாம். சண்டையைத்தான் தெரியாதாம். தினமும் சாயங்காலம் தட்டு முன்னால உக்காந்து, அண்ணன் இன்னும் கடையிலேர்ந்து வரலியா, அவரு வந்ததும் சாப்பிடலாம்னு அடம் புடிக்கறானாம். மாமா, ஒரு தடவை வந்து எதிர்ல உக்காருங்க, அவர் சாப்பிடட்டும்னு அது அழுவுது.

இதெல்லாம் நியாயமா சொல்லுங்க? இத்தன வருஷம் ரெண்டு பேரும் சேந்து கட்டிக் காப்பாத்துன சண்டை. அவன் பாட்டுக்குக் கையக் கழுவிட்டுப் போயிட்டான். நான் மட்டும் தனியா எத்தன நாளு சார் தூக்கிக்கிட்டுத் திரியறது?

வீட்டுக்கு வர்றேன்னு சொல்லல. இந்த ஓட்டலுக்கே கூட்டிட்டு வரச் சொன்னேன். இவனுங்கதான் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி கட்டி வச்சிருக்கானுங்களே, அதே சுவரு, அதே சைக்கிளு, அதே இருட்டு. அதுக்காகத்தான்.

மறுபடி துடிக்குது. அந்தப் பொண்ணு வேற இங்கயே பாக்குது. போறேன், போறேன். இந்தக் கிரீடத்தைக் கொஞ்சம் தலையில நேரா வச்சு விடுங்களேன், எனக்குக் கண்ணாடி இல்ல. கடிச்ச மூலை பின்பக்கம் வரட்டும். கோணலா இருக்கா? இருந்தா இருக்கட்டும், அன்னிக்கும் கோணல்தான்.

இல்ல சார், இன்னிக்கும் எனக்குப் பொறந்த நாளு இல்ல. பேரு கேட்டப்ப, ஏதாவது விசேஷமா அங்கிள்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. பொறந்த நாளும்மா, கேக்கு கொண்டு வரும்போது கொஞ்சம் பலமாத் தட்டச் சொல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்களுக்கும் உள்ள எடம் கெடச்சா நீங்களும் தட்டுங்க. மாவு மில்லுக்காரர் மாதிரி எழுந்து நின்னு தட்டுங்க. கேக்கைப் பாத்துட்டு அவன் வாயிலேர்ந்து அன்னிக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தை வந்துட்டா போதும் சார், நாளைக்கே பழையபடி பேசாம இருந்துக்கறேன்.