உறுமாத நாய்

அங்க உக்காராதீங்க சென்யோரா, அந்த பெஞ்சுல வெயில் ஏறிடும். இப்படி நிழலுக்கு வாங்க. மணி அடிச்சுப் பிரயோஜனமில்ல, இந்த எடத்த நடத்துற தோன்யா எர்சிலியா மதியத் தூக்கத்துல இருக்காங்க. எழுந்தா அவங்களே கூப்பிடுவாங்க. பையன் ஊஞ்சல்லயே இருக்கட்டும். பேரென்ன? இலாரியோவா. பேச்சு வரலையா இன்னும்? சரி சரி, மூஞ்சத் தூக்காதீங்க, சும்மா கேட்டேன்.

நானா? என்னப் பாத்தா டாக்டர் மாதிரியா இருக்கு? ஸ்கூலப் பாதியில விட்டவ. நாய்ங்களக் குளிப்பாட்டுறது, சோறு வெக்கிறது, பேச்சு வராத புள்ளைங்க நாயோட பழகுற வகுப்புக்கு இழுத்துட்டு வர்றது. மாத்தே டீ ஊத்திக்குங்க, பிளாஸ்க் அந்தப் பக்கம் இருக்கு.

எங்க நாய் தோர்தோவப் பத்திக் கேள்விப்பட்டுத்தான வந்தீங்க? மெந்தோசா ஊர் முழுக்க அதே பேச்சுதான். அப்படி ஒரு சாது, காதப் புடிச்சு இழுத்தாலும் உறுமமாட்டான்னு. உண்மதான். உறுமமாட்டான்.

முன்ன உறுமுவான். யாராவது ஒரு புள்ள மேல ஏறிப் படுத்தா தொண்டைக்குள்ள லேசா ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். போதும், எறங்குன்னு அர்த்தம். நாய் வேற எப்படிச் சொல்லும்? லெட்டரா போடும்? ஆனா பெத்தவங்க பயந்துடுவாங்கல்ல. தோன்யா ஒரு பாட்டில் வெச்சிருந்தாங்க, வினிகர் கலந்த தண்ணி. உறுமினா மூஞ்சில ஒரு பீச்சு. வாய மூடிட்டிருந்தா பிஸ்கட். அவன் என்ன முட்டாளா, கத்துக்கிட்டான்.

அடிக்கலையே, அப்புறம் என்னவா? நீங்களும் அவங்கள மாதிரியே பேசுறீங்க. சத்தம்தான் போச்சு சென்யோரா. புடிக்காதது எங்க போச்சு?

இப்ப கட்டிப்புடிச்சா கொட்டாவி விடுறான். ஐயோ பாவம், தூக்கம் வருதும்பாங்க. உதட்ட நக்குறான், முத்தம் குடுக்குறான்னு போட்டோ எடுப்பாங்க. வாசல்ல பெரிசா மாட்டியிருக்கே அந்தப் படம், போகும்போது பாருங்க. தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, வெள்ள முழி தெரியப் பாக்குறான். அது சிரிப்பா?

ஒரு புள்ள போனா அடுத்த புள்ள. நடுவுல மேஜைக்கடியில போய் ஒளிஞ்சா கழுத்து வாரப் புடிச்சு இழுக்கணும். இன்னிக்கு மலையிலேர்ந்து எறங்குற அந்தச் சூடான சோண்டாக் காத்து வேற, மண்டையே காயுது, அவன விடுங்கன்னு சொன்னேன். காத்தடிச்சா நீதான் சிடுசிடுன்னு இருப்ப, அவன் இருக்கமாட்டான்னாங்க.

இலாரியோ எப்படி, நாயத் தொடுவானா? மூஞ்சியோட மூஞ்சி வெச்சு ஒரசுவானா... ம். அப்படித்தான் எல்லாப் புள்ளைங்களும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா தழும்பு உங்க புள்ளைக்கு, சாவு ஊசி தோர்தோவுக்கு. பாட்டில் வெச்சிருந்தவங்களுக்கு ஒண்ணுமில்ல.

அதோ, எழுந்துட்டாங்க. தோர்தோவக் கூட்டிட்டு வான்னு கூப்பிடுறாங்க, கேக்குதா? வரேன் தோன்யா!

இந்தக் கையா? யாராவது வந்தா ஏப்ரன் பாக்கெட்டுலேயே வெச்சுக்கன்னு சொல்லியிருக்காங்க. நீங்க பாக்கட்டும்னுதான் இப்ப எடுத்தேன். காலைல அவனுக்கு வகுப்பு அங்கி மாட்டும்போது கடிச்சான். கட்டின துணியில ரத்தம் ஊறுதே, அது பரவால்ல, நின்னுடும். ஒரு சத்தம் இல்ல சென்யோரா. வாலக்கூட ஆட்டிட்டுத்தான் இருந்தான்.