கட்டி தட்டிப்போன கேன்

இல்ல சார், உங்க ஜெல்லக் குத்தஞ் சொல்லல. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. மெதுவாப் பேசுங்க, பாப்பா இப்பத்தான் கண்ணசந்துச்சு. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருக்காக. வந்தா உங்கள ஏசுவாக. அதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லணும்.

எங்க வீட்டுக்காரவுகளையா கேக்குறீங்க? சொல்றேன்.

இதச் சொட்டுநீர்ல கலந்து விட்டா வேர்ல ஈரம் நிக்கும்னுதான கேனக் குடுத்தீங்க? கூட ஒரு தாளு, பூரா இங்கிலீசு. அருப்புக்கோட்டை கான்வென்ட்டுல சிஸ்டருகட்ட படிச்சவ நாந்தான. டீச்சரம்மா, வாசிங்கன்னு அவுக கேலி பண்ணாக.

சூடு, உப்பு ரெண்டுலயும் கவனம்னு போட்டிருந்துச்சு. சும்மா நம்பல சார், டம்ளர்ல சோதிச்சேன். நல்ல தண்ணியில கலந்து வெயில்ல வச்சேன், பால் மாதிரியே நின்னுச்சு. எங்க உப்புப் போர்த் தண்ணியில கலந்து நெழல்ல வச்சேன், அதுவும் நின்னுச்சு. ஒண்ணும் ஆகாது, ஊத்துங்கன்னேன். ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கத் தோணலையே.

ஆமா, மத்தியானந்தான் விட்டாக. கரண்டு அப்பத்தான வருது. தண்ணி ஒரே கரிப்பு, டியூபு கை வைக்க முடியாத சூடு. திரிஞ்ச பால் கெணக்கா கட்டி கட்டியாப் போயி எல்லா ஓட்டையும் அடைச்சுக்கிச்சு. ரெண்டே நாள்ல மிளகாக் கன்னு தலை சாஞ்சிருச்சு.

தாளத் திரும்ப வாசிச்சேன். சூட்டுல ஜெல்லுல இருக்குற துகளு சுருங்குமாம், ஆனா ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டுத் தனித்தனியா நிக்குமாம். உப்பு அந்தத் தள்ளுறத எடுத்துருமாம். அப்புறம் ஒட்டிக்கிருது. குளுந்த நல்ல தண்ணி விட்டா பிரியும்னு அடியில போட்டிருந்துச்சு. அதையும் நாந்தான் சொன்னேன் சார்.

அவுக கோவிக்கவே இல்ல. அடுத்து டீச்சரத்தான் டம்ளர்ல போட்டுப் பாக்கணும்னு சிரிச்சாக. பைக்குல ரெண்டு பக்கமும் குடத்தக் கட்டிக்கிட்டு மெயின் ரோட்டுக் குழாய்க்குப் போனாக.

லோடு லாரி. திரும்பி வாறப்ப.

நேத்துத்தான் பதினாறாம் நாளு.

ஐயோ, எந்திரிக்காதீங்க சார். தண்ணி குடிங்க.

கம்பெனிக்காரந்தான் எம்புள்ளையக் கொன்னுட்டான்னு அத்தை ஊரெல்லாம் சொல்றாக. நானும் ஆமாம்னுட்டேன். டம்ளர் கதை அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த வீட்டுல எனக்கு எடமில்ல. ஒன்பது மாசப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?

வாசக் கேட்டு சத்தம் கேக்குது, அத்தைதான். மண்ணள்ளித் தூத்துவாக சார். தாள்லதான் போட்டிருந்தோமேன்னு மட்டும் சொல்லிராதீங்க.